பக்கத்துக்குப் பக்கம் பெயர் வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் சேலம் அஸ்தம்பட்டிக்காரன். பதினைந்து வருடமாக வெப்சைட் செய்து கொடுப்பதுதான் தொழில். ஜவுளிக் கடை, கொலுசுப் பட்டறை, ஜவ்வரிசி ஆலை, ஸ்கூல் என்று நம்ம ஊரில் பல பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். உங்கள் நாளிதழில் கடிதப் பகுதியை விடாமல் படிப்பவன், ஆனால் எழுதுவது இதுதான் முதல் முறை. எழுத வைத்தது பார்க்கப் போனால் ஒற்றை வரி விஷயம்: வெப்சைட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் வைக்க வேண்டிய பெயர். அந்த ஒற்றை வரியால் ஒரு பெண்பிள்ளையின் அரை நாள் வீணாகப் போனதை நேரில் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

அக்கா மகள் ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள். காலேஜ் விண்ணப்பம் போட புதிய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப்போனேன். வீட்டிலேயே போட்டிருக்கலாம், என் லேப்டாப் அன்றைக்குச் சர்வீசில் இருந்தது. சென்டரில் கூட்டம். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் வேகமாகத்தான் வேலை பார்த்தார். விண்ணப்பத் தளத்தில் விதிமுறை ஒரு டேப், கல்லூரிப் பட்டியல் ஒரு டேப், கட்டண விவரம் ஒரு டேப், விண்ணப்பம் ஒரு டேப் என்று திறந்து வைத்துக்கொண்டு, ஒன்றைப் பார்த்து இன்னொன்றில் நிரப்பினார். ஜாதிச் சான்றிதழ், மார்க் ஷீட், போட்டோ எல்லாம் ஏற்றி முடித்து, கடைசி பட்டனை அழுத்தும் முன் தேவையில்லாத டேப்களை மூடலாம் என்று மூடிக்கொண்டே வந்தவர், விண்ணப்பத்தையும் சேர்த்து மூடிவிட்டார். திரும்பத் திறந்தால் எல்லாம் காலி. அந்தப் பெண்ணுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "எல்லாத்துக்கும் ஒரே பேருதான் சார் வருது, எது எதுன்னு எப்படிப் பார்க்கிறது" என்றார். எட்டிப் பார்த்தேன். உண்மைதான். மேலே வரிசையாக நின்ற அத்தனை டேப்பிலும் ஒரே சின்னப் படம், பக்கத்தில் ஒரே நான்கு ஆங்கில எழுத்து. விதிமுறைக்கும் அதே பெயர், விண்ணப்பத்துக்கும் அதே பெயர். பின்னால் நின்ற கூட்டம் முடிந்து மறுபடி எங்கள் முறை வருவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது.

அந்தப் பெண் மேல் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. தப்பு தளத்தைச் செய்தவர்கள் மேல், அதாவது என் தொழில் செய்கிறவர்கள் மேல். பாதி எழுதியதைத் தானாகச் சேமித்து வைக்காதது ஒரு தப்பு. அதை விடப் பழைய தப்பு பக்கங்களுக்குப் பெயர் வைக்காதது.

ஒவ்வொரு வெப் பக்கத்துக்கும் டைட்டில் என்று ஒன்று உண்டு. பக்கத்துக்குள்ளே பெரிய எழுத்தில் தெரியும் தலைப்பைச் சொல்லவில்லை. டேப்பில் தெரிகிறதே, கூகுளில் தேடினால் முதலில் நீல எழுத்தில் வருகிறதே, புக்மார்க்கிலும் ஹிஸ்டரியிலும் பதிகிறதே, அது. வெப்பை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ 1990களின் தொடக்கத்தில் எழுதி வைத்த, வெப் பக்கம் எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் முதல் குறிகளிலேயே இந்த டைட்டில் இருந்தது. அவ்வளவு பழையது, அவ்வளவு அடிப்படையானது. ஒரு செய்திக்குத் தலைப்பு வைக்க உங்கள் ஆபீசில் எவ்வளவு யோசிப்பீர்கள் என்று எனக்குத் தெரியாதா? முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை எல்லாச் செய்திக்கும் மேலே தலைப்புக்குப் பதிலாகப் பத்திரிகையின் பெயரையே அச்சடித்து ஒரு நாள் பேப்பர் வந்தால், டீக்கடையில் அதை யார் கையில் எடுப்பார்கள்? நம்ம ஊர் வெப்சைட்டுகளில் பாதி இன்றைக்கு அப்படித்தான் இருக்கின்றன.

ஏன் இப்படி ஆகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், செய்கிறவர்களும் இதைப் படிக்கலாம். முன்பெல்லாம் பக்கத்துக்கு ஒரு ஃபைல் எழுதுவோம், அந்தந்த ஃபைலிலேயே அதன் டைட்டிலும் இருக்கும். இப்போது எல்லாமே ஃபிரேம்வொர்க்தான், அதாவது தளம் கட்டுவதற்கென்று முன்கூட்டியே செய்து வைத்த சட்டகம். அதில் லேஅவுட் என்று பொதுவாக ஒரு ஃபைல் உண்டு. மேலே லோகோ, மெனு, கீழே முகவரி எல்லாம் அதில் இருக்கும், மற்ற எல்லாப் பக்கமும் அதற்குள் போய் உட்காரும். டைட்டில் இருக்கும் இடமும் இந்த லேஅவுட்தான். வேலை ஆரம்பித்த முதல் நாள் அந்த இடத்தில் கம்பெனி பெயரை எழுதி வைத்துவிட்டு மறந்துவிட்டால், பின்னால் ஐநூறு பக்கம் சேர்ந்தாலும் ஐநூறுக்கும் அதே பெயர்தான். செய்ய வேண்டியது என்னவென்றால், லேஅவுட்டில் பெயரை எழுதாமல் இடம் மட்டும் விட வேண்டும், வருகிற பக்கம் தன் பெயரை அங்கே கொண்டுவந்து வைக்க வேண்டும். தறி தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்: பாவு ஒன்றுதான், ஊடையை மாற்றினால் சேலைக்குச் சேலை நிறம் மாறுகிறது.

இதற்கான வழி எல்லா ஃபிரேம்வொர்க்கிலும் தயாராக இருக்கிறது. லாராவெலில் லேஅவுட்டில் யீல்டு என்று ஓர் இடம், பக்கத்தில் செக்‌ஷன் என்று ஒரு வரி. ஜாங்கோவில் பிளாக். ரெயில்ஸில் கன்டென்ட் ஃபார். வேர்ட்பிரஸில் 2014 டிசம்பரில் வந்த 4.1 பதிப்பிலிருந்து தீமில் ஒரு வரி சேர்த்தால் போதும், அதுவே டைட்டிலைப் பார்த்துக்கொள்ளும். பொருளின் பெயர், ஊரின் பெயர், படிப்பின் பெயர் எதுவானாலும் டேட்டாபேஸில் ஏற்கெனவே இருக்கிறது, பக்கத்துக்குள் அதைத்தான் காட்டுகிறோம். அதே பெயரை டைட்டிலுக்கும் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ரியாக்ட், வியூ, ஆங்குலர் என்ற ஜாவாஸ்கிரிப்ட் (பிரவுசருக்குள் ஓடும் மொழி) கருவிகளில் செய்யும் தளங்களில் சிக்கல் கொஞ்சம் கூடுதல். அங்கே முதலில் வந்த ஒரே பக்கம்தான் கடைசி வரை இருக்கும், லிங்க்கை அழுத்தினால் உள்ளே காட்சி மாறும், மேலே முகவரி மாறும், ஆனால் டைட்டிலை நாமாக மாற்றினால்தான் மாறும். இதற்கும் வழி உண்டு. ஆங்குலரில் 2022ல் வந்த 14ஆம் பதிப்பிலிருந்து, எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று எழுதும் இடத்திலேயே டைட்டிலையும் எழுதிவிடலாம். ரியாக்டில் 2024 டிசம்பரில் வந்த 19ஆம் பதிப்பில், பக்கத்தைக் காட்டும் புரோகிராமுக்குள்ளேயே டைட்டிலை எழுதினால் அது தானாகப் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகிறது. பழைய பதிப்பில் இருப்பவர்களும் டாக்குமென்ட் டாட் டைட்டில் என்று ஒரு வரி போட்டு மாற்றலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். விவரம் சர்வரிலிருந்து வந்த பிறகுதான் பெயரை எழுத வேண்டும். அவசரப்பட்டால் டேப்பில் 'அன்டிஃபைன்ட்', அதாவது இன்னும் மதிப்பு இல்லை, என்று வந்து நிற்கும். ஒரு பாத்திரக் கடைத் தளத்தில் குத்துவிளக்குப் பக்கத்துக்கு இப்படி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இன்னும் மனசுக்குக் கஷ்டமானது ஒன்று உண்டு. புது வேலை ஆரம்பிக்கும்போது கருவிகளே தற்காலிகமாக ஒரு பெயரை வைத்துக் கொடுக்கும். 'ரியாக்ட் ஆப்', 'வீட் பிளஸ் ரியாக்ட்', 'கிரியேட் நெக்ஸ்ட் ஆப்', 'டாக்குமென்ட்'. இந்தப் பெயர்களோடேயே வெளியே வந்து ஓடிக்கொண்டிருக்கும் தளங்கள் நம்ம மாவட்டத்தில் இருக்கின்றன. லட்ச ரூபாய் கொடுத்துக் கட்டிய கடையின் பெயர்ப்பலகையில் பெயிண்ட் கம்பெனியின் ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியிருப்பது போல. கடைக்காரருக்குச் சொன்னால்தான் தெரியும், சொல்லத்தான் ஆள் இல்லை.

சரி, பெயர் ஒன்றாகவே இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு, எங்கள் தெருத் தம்பி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பிறவியிலேயே பார்வை இல்லாதவர், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறார். கம்ப்யூட்டரில் என்விடிஏ என்ற மென்பொருள் வைத்திருக்கிறார், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும். 2006ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்றவர் தொடங்கியது, காசு கிடையாது, தமிழும் படிக்கும். பக்கம் திறந்ததும் அது முதலில் வாசிப்பது டைட்டிலைத்தான். எங்கே இருக்கிறோம் என்று சந்தேகம் வந்தால் இன்செர்ட்டும் டி-யும் (T) சேர்த்து அழுத்துவார், மறுபடி டைட்டிலைச் சொல்லும். ஒரு நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஹால் டிக்கெட் பக்கத்துக்குப் போக வேண்டும். அழுத்தினார், தளத்தின் பெயரைச் சொன்னது. இன்னொரு லிங்க், அதே பெயர். திரும்பி வந்தார், அதே பெயர். ஒவ்வொரு முறையும் மெனு, லோகோ, அறிவிப்பு என்று மேலிருந்து முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்துதான் இது எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கிறார். நமக்கு ஒரு பார்வையில் தெரிவதற்கு அவருக்கு இரண்டு நிமிடம் ஆகிறது. "பழகிருச்சு அண்ணா" என்று சாதாரணமாகச் சொன்னார். எனக்குச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. பக்கத்தின் விஷயத்தைச் சொல்லும் டைட்டில் இருக்க வேண்டும் என்பது மாற்றுத் திறனாளிகளும் வெப்சைட்டைப் பயன்படுத்த வழி சொல்லும் டபிள்யூசிஏஜி என்ற உலக விதித்தொகுப்பில் 2.4.2 என்ற எண்ணில், குறைந்தபட்சம் இதாவது வேண்டும் என்கிற முதல் படியிலேயே இருக்கிறது. அந்த விதித்தொகுப்பின் இரண்டாம் பதிப்பு வந்தது 2008ல். நம் மத்திய அரசின் இணையதள வழிகாட்டு நெறிகளும் அதைத்தான் அடிப்படையாக வைத்திருக்கின்றன, அந்த நெறிகளின் மூன்றாம் பதிப்பு 2023லேயே வந்துவிட்டது. விதி இல்லாமல் இல்லை, பார்த்துச் செய்ய ஆள் இல்லை.

பிரிட்டன் அரசுத் தளங்களின் வடிவமைப்பு விதி ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். படிவத்தில் ஏதாவது தவறாக நிரப்பி அனுப்பினால், திரும்ப வரும் பக்கத்தின் டைட்டிலில் முதல் சொல்லாகப் 'பிழை' என்று சேர்க்கச் சொல்கிறார்கள். என்விடிஏ வைத்திருப்பவருக்கு முதல் சொல்லிலேயே விஷயம் தெரிந்துவிடும். இப்படி யோசித்த மனிதர்களை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

அப்புறம் வியாபாரம். இளம்பிள்ளையில் சேலை விற்கும் ஒருவருக்கு நான்தான் தளம் பார்த்துக்கொள்கிறேன், முதலில் செய்தது வேறு ஒருவர். இவருக்கு வியாபாரம் முக்கால்வாசி வாட்ஸ்அப்பில்தான். வெளியூர் வாடிக்கையாளர்களுக்கு ஐந்தாறு சேலையின் லிங்க்கை அனுப்புவார். அனுப்பிய அத்தனை லிங்க்குக்கும் கீழே கடையின் பெயர் மட்டும் வரும். மதுரையிலிருந்து ஓர் அம்மா, "மயில் கழுத்துக் கலர்னு சொன்னீங்களே, இதுல எதுங்க அது" என்று கேட்டுக் கேட்டே சலித்துப்போய் விட்டுவிட்டார். தளத்தைத் திறந்து பார்த்தால், டைட்டில் சரியாகத்தான் மாறிக்கொண்டிருந்தது, ஆனால் பிரவுசருக்குள் வந்த பிறகு ஜாவாஸ்கிரிப்ட் ஓடி மாறியது. வாட்ஸ்அப் லிங்க்கை எட்டிப் பார்க்கும்போது ஜாவாஸ்கிரிப்டை ஓட்டாது, சர்வரிலிருந்து வந்ததை அப்படியே படித்துவிட்டுப் போய்விடும். அதனால் இந்த மாதிரித் தளங்களில் சர்வரே பக்கத்தை அனுப்பும்போது பெயரை எழுதி அனுப்ப வேண்டும், கூடவே லிங்க் பார்ப்பவர்களுக்கென்று இருக்கிற ஓஜி டைட்டிலிலும் அதையே எழுத வேண்டும். இரண்டு நாள் வேலை. இப்போது லிங்க் போட்டால் 'மயில் கழுத்து நிற சாஃப்ட் சில்க், அரக்கு பார்டர்' என்று வருகிறது.

ஏற்காடு மலை ஏறுகிறவர்களுக்கும் இது உதவும். இருபது கொண்டை ஊசி வளைவில் சிக்னல் வந்து வந்து போகும். தங்கும் விடுதிப் பக்கத்தைத் திறந்தால் படம் வராது, எழுத்து பாதி வரும். ஆனால் டைட்டில் எச்டிஎம்எல்லின் தலைப்பகுதியில் இருப்பதால் சர்வர் எழுதி அனுப்பியிருந்தால் அதுதான் முதலில் வந்து சேரும், பக்கம் வரும் முன்பே டேப்பில் பெயர் தெரியும். ஜாவாஸ்கிரிப்ட் முழுக்க வந்த பிறகுதான் பெயர் என்றால், மேலே போய்ச் சேரும் வரை டேப்பில் உருப்படியான பெயரே இருக்காது.

அடுத்து தமிழ். இதைப் பற்றி எழுதாமல் கடிதத்தை முடிக்க மனசு வரவில்லை. பக்கத்தில் எல்லாம் தமிழ், டைட்டில் மட்டும் ஆங்கிலம் என்று எத்தனையோ தளங்கள். இதற்கு ஒரு காலத்தில் நியாயமான காரணம் இருந்தது. எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவும் முன் ஒவ்வொரு தளமும் தனக்கென்று ஒரு ஃபான்ட் வைத்திருந்தது. பக்கத்துக்குள் அந்த ஃபான்டால் தமிழ் தெரியும், ஆனால் டேப்பில் கம்ப்யூட்டரின் சொந்த ஃபான்ட்தான், அதனால் அங்கே ஏதோ ஆங்கிலக் கிறுக்கல் வரும். அதற்குப் பயந்து ஆங்கிலத்தில் வைத்தோம், நானும் வைத்தேன். தமிழ்நாடு அரசு 2010லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது, இன்றைக்கு எந்த போனிலும் தமிழ் தெரிகிறது. காரணம் போய்விட்டது, பழக்கம் மட்டும் போகவில்லை.

தமிழில் வைப்பவர்களும் ஒரு இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். டைட்டில் நீளமாக இருந்தால் வெட்டுகிறோம் அல்லவா, அங்கே. 'சேலம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ச, ஏகாரக் குறி, ல, ம, புள்ளி என்று ஐந்து. சேமிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் (கம்ப்யூட்டர் சேமிப்பின் சிறு அளவு), ஆகப் பதினைந்து. பிஎச்பி மொழியில் சொல்லை வெட்டப் பலர் எழுதும் சப்ஸ்ட்ர் என்ற கட்டளை பைட்டைத்தான் எண்ணும். பத்தாவது பைட்டில் வெட்டினால் 'சேல' என்று வந்து பக்கத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி நிற்கும். எம்பி சப்ஸ்ட்ர் என்று மாற்றினால் கேள்விக்குறி போய்விடும், ஆனால் நான்கில் வெட்டினால் புள்ளியைத் தொலைத்துவிட்டு 'சேலம' என்று நிற்கும். கிராஃபீம் சப்ஸ்ட்ர் என்று ஒன்று இருக்கிறது, அதுதான் நாம் எண்ணுகிற மாதிரியே மூன்று என்று எண்ணும். ஜாவாஸ்கிரிப்டில் இதற்கு Intl.Segmenter இருக்கிறது. இந்தச் சின்ன வித்தியாசம் தெரியாமல் ஊர்ப் பெயரையே ஊனமாக்கி வைத்திருக்கிறார்கள், பார்க்கும்போது அடிவயிற்றில் ஏதோ செய்கிறது.

பெயர் வைக்கும் வரிசை எப்படி என்று ஜூனியர் பிள்ளைகள் கேட்பார்கள். பக்கத்தின் பெயர் முதலில், தளத்தின் பெயர் கடைசியில். டேப் சுருங்கும்போது முன்னால் இருக்கும் நான்கைந்து எழுத்துத்தான் மிஞ்சும், அந்த எழுத்து உதவ வேண்டும். புதிய பஸ் ஸ்டாண்டில் நடந்ததில், ஒரு டேப்பில் 'விண்ணப்பம்' என்றும் மற்றதில் 'விதிமுறை' என்றும் இருந்திருந்தால் அந்தப் பெண் மூடியிருக்கவே மாட்டார். கூகுளும் பெயர் சரியில்லை என்றால் பக்கத்திலிருந்து வேறு ஏதாவது வரியை எடுத்துத் தலைப்பாகப் போட்டுவிடுகிறது, 2021 ஆகஸ்டில் கொண்டுவந்த மாற்றத்துக்குப் பிறகு இதை நிறையவே பார்க்கிறேன். நம் கடைக்கு நாம் பெயர் வைக்காவிட்டால் வேறு யாரோ வைப்பார்கள்.

கடை வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். தளம் செய்தவருக்குப் பாக்கித் தொகையைக் கொடுக்கும் முன் உங்கள் போனில் ஐந்து பக்கத்தைத் திறந்து, டேப்களை வரிசையாகக் காட்டும் பட்டனை அழுத்திப் பாருங்கள். பெயரைப் படித்தே எது எது என்று சொல்ல முடிந்தால் பணத்தைக் கொடுங்கள். முடியாவிட்டால் திருத்தித் தரச் சொல்லுங்கள், அதற்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள், அது அவர் முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. நம்ம சுற்று வட்டாரக் காலேஜ்களில் கம்ப்யூட்டர் எடுக்கும் ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன். கடைசி வருட ப்ராஜெக்ட்டைத் திறந்ததும் முதலில் டேப்பைப் பாருங்கள். 'ரியாக்ட் ஆப்' என்று இருந்தால் அந்தப் பிள்ளையை உட்கார வைத்து எப்படி மாற்றுவது என்று சொல்லிக்கொடுங்கள். நாளைக்கு ஜாகீர் அம்மாபாளையம் ஐடி பார்க்கிலோ பெங்களூரிலோ வேலைக்குச் சேர்ந்து, ஆயிரக்கணக்கானவர்கள் திறக்கும் பக்கத்தை எழுதப்போவது அந்தப் பிள்ளைதான்.

விண்ணப்பத் தளத்தாருக்கு எந்தப் பக்கத்துக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று பட்டியல் போட்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி மெயில் அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. துணைக் கலந்தாய்வுக்குப் பிள்ளைகள் மறுபடி பிரவுசிங் சென்டர் வாசலில் வரிசை கட்டும் முன் மாற்றிவிட்டால் போதும். ஆள் வேண்டுமென்றால் நான் வந்து உட்கார்ந்து செய்து கொடுக்கிறேன், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
வெப்சைட் வேலை செய்யும் வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.